கற்றல் குறைபாடும் குடும்பமும்: வீட்டுப்பாட நேரத்தில் நடப்பது என்ன?

மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் மெட்ரோ நிலையங்களை விம்கோ நகரிலிருந்து விமான நிலையம் வரை வரிசை தவறாமல் சொல்கிறான். கேட்ட கதையைக் கேட்டபடியே திருப்பிச் சொல்கிறான். அதே பையன் பாடப்புத்தகத்தில் நாலு வரி வாசிக்க ஐந்து நிமிடம் திணறுகிறான். ‘படம்’ என்பதைப் ‘பாடம்’ என்கிறான். கரும்பலகையில் இருப்பதை எழுதி முடிப்பதற்குள் டீச்சர் அழித்துவிடுகிறார். பேச்சிலும் புரிதலிலும் தெரியும் அறிவுக்கும், வாசிப்பு, எழுத்து, கணக்கில் தெரியும் திறனுக்கும் நடுவே விழும் இந்தப் பெரிய இடைவெளிதான் கற்றல் குறைபாட்டின் முகம்.

கண்ணும் காதும் சரியாக இருக்கும், அறிவுத்திறன் வயதுக்கேற்றபடி இருக்கும், பள்ளிக்கும் ஒழுங்காகப் போயிருக்கும். அப்படியும் ஆறு மாதத்துக்கு மேல் தனிக் கவனம் கொடுத்தும் வாசிப்போ எழுத்தோ கணக்கோ வகுப்பின் அளவுக்கு வரவில்லை என்றால்தான் இந்தப் பெயரைப் பற்றி யோசிக்க வேண்டும். வாசிப்பில் வருவது டிஸ்லெக்சியா, எழுதுவதில் வருவது டிஸ்கிராஃபியா, எண்களில் வருவது டிஸ்கால்குலியா. ஒரே பிள்ளைக்கு இரண்டு சேர்ந்தும் வரும், கவனக்குறைவும் துறுதுறுப்பும் கூடவே வருவதும் அடிக்கடி நடப்பதுதான். எந்த மொழி பேசும் நாடாக இருந்தாலும் பள்ளி வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 5 முதல் 15 பேருக்கு இது இருப்பதாக மருத்துவக் கையேடுகள் சொல்கின்றன. நாற்பது பேர் உள்ள வகுப்பில் இரண்டு பேராவது இருப்பார்கள்.

இந்தக் குறைபாடு பிள்ளையின் மூளையில் பிறவியிலேயே இருப்பது. குடும்பத்தில் வரும் சண்டையும் கண்ணீரும் பிறவியில் வருவதில்லை. அவை வருவதற்கு ஒரு வழி இருக்கிறது: மாலை நேர வீட்டுப்பாடம். அந்த வழியைப் புரிந்துகொண்டால் வாசிப்பு முன்னேறுவதற்கு முன்பே வீட்டில் பாதி அமைதி திரும்பிவிடும். இந்தக் கட்டுரை முழுக்க அதைப் பற்றித்தான்.

பிள்ளையின் தலைக்குள் என்ன நடக்கிறது

வாசிக்கும்போது நாம் செய்வது: எழுத்தைப் பார்க்கிறோம், அதை ஒலியாக மாற்றுகிறோம், ஒலிகளைக் கோத்துச் சொல்லாக்குகிறோம், சொல்லின் பொருளை மனத்தில் வைத்துக்கொண்டே அடுத்த சொல்லுக்குப் போகிறோம். பழகிய ஆளுக்கு முதல் மூன்று வேலையும் தானாக நடக்கும், கவனம் முழுவதும் பொருளில் இருக்கும். டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்கு எழுத்தை ஒலியாக்கும் வேலை தானாக நடப்பதில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் முயற்சி செலவாகிறது. வரியின் கடைசிக்கு வரும்போது தொடக்கம் மறந்துபோயிருக்கும். அதனால்தான் “இப்பதானே படிச்ச, என்ன படிச்சேன்னு சொல்லு” என்று கேட்டால் விழிக்கிறது.

தமிழ் எழுத்து ஆங்கிலத்தைவிட ஒழுங்கானது, எழுத்துக்கூட்டினால் பெரும்பாலும் சொல் வந்துவிடும். அதனால் தமிழ்வழியில் படிக்கும் பிள்ளை பிழை குறைவாகவும் மிக மெதுவாகவும் வாசிக்கும், குறை வெளியே தெரியத் தாமதமாகும். ஆனால் தமிழுக்கென்று சில சிக்கலான இடங்கள் உண்டு. ‘கெ’ என்று எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கிறது, ஒலியோ ககரத்துக்குப் பின்னால் வருகிறது. ‘கொ’வில் குறி இரண்டு பக்கமும் நிற்கிறது. இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக ஒலிக்கும் பிள்ளை இங்கே தடுக்கி விழும். குறில் நெடில் மாறும், ‘கட்டில்’ எழுதச் சொன்னால் புள்ளி வைத்த எழுத்து காணாமல் போகும், ண-ன-ந, ல-ள-ழ, ர-ற ஒன்றின் இடத்தில் ஒன்று வரும். ‘வந்துவிட்டான்’ என்று புத்தகத்தில் இருக்க, ‘வந்துட்டான்’ என்று வீட்டுப் பேச்சில் வாசிக்கும். இது ஊகம், அதிலும் புத்திசாலித்தனமான ஊகம். திட்டுவதற்கான காரணம் அல்ல.

ஆங்கிலத்தில் பி, டி எழுத்துகள் திரும்பிக்கொள்ளும், கேட்டு எழுதும் டிக்டேஷனில் ஒரே சொல்லை ஒரே பக்கத்தில் மூன்று விதமாக எழுதும். கணக்கில் முன்னூற்று நாலை 34 என்று எழுதும், கடன் வாங்கிக் கழிக்கும்போது வாங்கியதை மறக்கும், நேற்று ஒப்பித்த வாய்ப்பாடு இன்று இருக்காது. நேற்று வந்தது இன்று வராததுதான் பெற்றோரை அதிகம் குழப்புகிறது. “நேத்து சொன்னியே, இன்னைக்கு மட்டும் என்ன?” என்ற கேள்விக்குப் பிள்ளையிடம் பதில் இல்லை. தூக்கம், களைப்பு, பயம் எல்லாம் சேர்ந்து அன்றைய திறனை ஏற்றி இறக்கும் என்பது அதற்கும் தெரியாது.

இன்னொரு விஷயம். பள்ளியில் ஆறு மணி நேரம் இந்தக் கூடுதல் உழைப்பைச் செலவழித்துவிட்டுத்தான் பிள்ளை வேனிலிருந்து இறங்குகிறது. மற்ற பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் தினசரி வேலையின் கடைசிப் பகுதி. இந்தப் பிள்ளைக்கு அது தீர்ந்துபோன சக்தியோடு செய்யும் இரண்டாவது ஷிஃப்ட்.

ஆறு மணிக்குத் தொடங்கும் சங்கிலி

அம்மா பக்கத்தில் உட்காருகிறார். முதல் பத்து நிமிடம் பொறுமையாகப் போகிறது. பிள்ளை எழுத்தைத் தப்பாகச் சொல்கிறது, அம்மா திருத்துகிறார், அடுத்த வரியில் அதே எழுத்து, அதே தப்பு. குரல் ஏறுகிறது. குரல் ஏறினால் பிள்ளைக்குப் பயம், பயத்தில் நினைவுத்திறன் இன்னும் சுருங்கும், தெரிந்ததும் மறக்கும். அதைப் பார்த்து அம்மா “வேணும்னே பண்றான்” என்ற முடிவுக்கு வருகிறார். இந்த முடிவுதான் நஞ்சு. அதன்பின் பிள்ளை தண்ணீர் குடிக்கப் போகும், பாத்ரூம் போகும், பென்சில் சீவும், டைரியை வகுப்பிலேயே விட்டுவிட்டு வரும், ஹோம்வொர்க் இல்லை என்று பொய் சொல்லும். தோல்வியிலிருந்து தப்பிக்க ஒரு எட்டு வயதுப் பிள்ளையிடம் இருக்கும் வழிகள் இவ்வளவுதான். பெரியவர்கள் கண்ணுக்கு அது சோம்பேறித்தனமும் திமிருமாகத் தெரிகிறது.

ஒன்பது மணிக்கு அப்பா வருகிறார். வாசலிலேயே அழுகைச் சத்தம். “ஒரு புள்ளையப் படிக்க வைக்க முடியல உனக்கு” என்று ஒருபக்கம், “ஒருநாள் நீங்க உக்காந்து பாருங்க” என்று மறுபக்கம். பாட்டி நடுவில் வந்து “சின்னப் புள்ளைய ஏன்டி இப்படிப் பாடாப் படுத்தற” என்று பேரனை அணைத்துக்கொண்டால், அம்மா சொந்த வீட்டில் தனியாகிறார். சாப்பாடு பேச்சில்லாமல் முடிகிறது. பிள்ளை இதிலிருந்து எடுத்துக்கொள்ளும் பாடம் ஒன்றுதான்: இந்த வீட்டில் சண்டை வருவது என்னால்.

இதன் விளைவுகள் உடம்பில் முதலில் தெரியும். டிக்டேஷன் இருக்கும் நாள் காலையில் மட்டும் வரும் வயிற்றுவலி, ஞாயிறு மாலை தலைவலி, விட்டுப்போன படுக்கை நனைத்தல் திரும்புவது, தூக்கத்தில் பல் கடிப்பது. விடுமுறையில் இவை மறைந்துபோனால் காரணம் எங்கே என்று தெரிந்துவிடும். வலி பொய்யானது அல்ல. பதற்றத்தில் குடல் உண்மையாகவே இறுகும், பிள்ளைக்கு உண்மையாகவே வலிக்கும்.

மூன்றாம் வகுப்பு வரை பிள்ளைக்குத் தன்னைப் பற்றிய தீர்ப்பு அவ்வளவாக இருக்காது. எட்டு, ஒன்பது வயதில் மற்றவர்களோடு தன்னை ஒப்பிடத் தொடங்கும். வகுப்பில் சத்தமாக வாசிக்கச் சொல்லி எழுப்பும்போது வரும் சிரிப்பு, ரேங்க் கார்டில் கையெழுத்து வாங்கும் நாள், கல்யாண மண்டபத்தில் “எத்தனாவது ரேங்க்?” என்று கேட்கும் பெரியப்பா. இவை சேர்ந்து “நான் மக்கு” என்ற முடிவாகிவிட்டால், பிறகு எளிதானதைக்கூட முயன்று பார்க்காது. சில பிள்ளைகள் கோமாளி வேஷம் போடும், சில அடிதடியில் இறங்கும், சில சத்தமே இல்லாமல் ஒடுங்கிப்போகும். ஒடுங்கிப்போகும் பிள்ளைகள்தான் ஆபத்து. அவர்களைப் பற்றி டீச்சரிடமிருந்து புகார் வராது, அதனால் யாரும் கவனிப்பதில்லை. பெண் பிள்ளைகளில் இது அதிகம். “அமைதியான பொண்ணு, கொஞ்சம் டல்” என்ற ஒரு வரியோடு ஏழாம் வகுப்பு வரை வந்துவிடுகிறார்கள்.

வீட்டில் மற்றவர்களுக்கு நடப்பது

அம்மாக்களின் மேல்தான் பாரம் முதலில் இறங்குகிறது. வேலையை விடுவது, இல்லையென்றால் பதவி உயர்வை மறுப்பது, உறவினர் வீட்டுக்குப் போவதை நிறுத்துவது, பெற்றோர் வாட்ஸாப் குழுவில் மற்றவர்கள் மார்க் போடும்போது போனைக் கவிழ்த்து வைப்பது. இத்தனைக்கும் பிறகு பிள்ளை முன்னேறாதபோது, “கர்ப்பமா இருக்கும்போது நான் என்ன தப்பு செஞ்சேன்” என்ற கேள்வி. தப்பு எதுவும் செய்யவில்லை. டிவி பார்த்ததாலோ, இரண்டு மொழி பேசியதாலோ, செல்லம் கொடுத்ததாலோ டிஸ்லெக்சியா வராது. அது பெரும்பாலும் பரம்பரையில் வருவது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது.

இந்தப் பரம்பரைச் செய்தி அப்பாக்களை வேறுவிதமாகத் தாக்கும். “நானும் இப்படித்தான் இருந்தேன், அடி வாங்கித்தான் படிச்சேன், இப்ப நல்லாத்தானே இருக்கேன்” என்று சொல்லும் அப்பாவுக்குப் பெரும்பாலும் அதே குறைபாடு இருந்திருக்கும். அவர் மறுப்பது பிள்ளையின் குறைபாட்டை மட்டுமல்ல, தன் பள்ளி நாள்களின் அவமானத்தையும்தான். பிள்ளைக்குக் குறைபாடு உண்டா என்று சோதிக்கும் மதிப்பீட்டுக்கு அவரையும் அழைத்துப்போவது இதற்கு நல்ல மருந்து. பிள்ளையின் தடுமாற்றத்தை வேறொருவர் நிதானமாக விளக்கும்போது பல அப்பாக்கள் முதல்முறையாகத் தன் கதையைச் சொல்லத் தொடங்குவார்கள். அதன்பின் பிள்ளைக்கு அவரைப்போன்ற துணை வேறு யாரும் இல்லை.

கூடப் பிறந்தவர்களைப் பற்றிப் பேசுவோர் குறைவு. தங்கை அண்ணனைவிட முன்னால் வாசிக்கத் தொடங்கும் நாள் வீட்டுக்கு ஒரு சோதனை. அவளைப் பாராட்டினால் அவனுக்கு வலி, பாராட்டாவிட்டால் அவளுக்கு அநியாயம். அக்காவாக இருந்தால் அவளை டியூஷன் டீச்சர் ஆக்கிவிடுகிறோம். “நீயாவது நல்லா படி” என்று அவள் தலையில் இரண்டு பேருக்கான எதிர்பார்ப்பை ஏற்றுகிறோம். வாரத்தில் ஒரு மணி நேரமாவது அந்தப் பிள்ளைக்கென்று தனியாக ஒதுக்குங்கள், பீச்சுக்கோ நூலகத்துக்கோ அவளை மட்டும் அழைத்துப்போங்கள். தம்பியின் பாடத்தைச் சொல்லிக்கொடுப்பது அவள் வேலை இல்லை என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். “அவனுக்கு எழுத்து படிக்கிறது மட்டும் கஷ்டம். உனக்கு இல்ல. ரெண்டு பேர் மேலயும் தப்பு இல்ல” என்ற மூன்று வரி விளக்கம் ஆறு வயதுக்கே புரியும்.

தாத்தா பாட்டிக்கு மருத்துவப் பெயர்கள் தேவையில்லை. அவர்களால் செய்ய முடிந்ததைக் கேளுங்கள். “அத்தை, அவனுக்கு நீங்க தினம் ராத்திரி ஒரு கதை சொல்லுங்க, அதுவே பெரிய உதவி” என்று மருமகள் கேட்டால் மாமியார் எதிர்க்கட்சியில் இருந்து இந்தப் பக்கம் வந்துவிடுவார். அது வெறும் சமாதான உத்தி அல்ல. வாசிப்பின் வழியாக வரவேண்டிய சொல்வளம் இந்தப் பிள்ளைக்குக் காதின் வழியாகத்தான் வர வேண்டியிருக்கிறது.

சென்னையில் எங்கே, எப்படிப் பார்ப்பது

முதலில் கண் பரிசோதனை, காது பரிசோதனை. இவற்றைத் தாண்டாமல் யாரும் கற்றல் குறைபாடு என்று சொல்லக் கூடாது. அடுத்து மருத்துவ உளவியலாளர் ஒருவரிடம் அறிவுத்திறன் சோதனையும், பெங்களூரில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் உருவாக்கிய கற்றல் குறைபாட்டுச் சோதனைத் தொகுப்பும். அதில் கவனம், வாசிப்பு, எழுத்துக்கூட்டல், பார்த்து வரைதல், நினைவு, கணக்கு எல்லாம் தனித்தனியாகப் பார்க்கப்படும். ஒரே நாளில் முடிக்காமல் இரண்டு மூன்று அமர்வாகச் செய்வது நல்லது, களைத்த பிள்ளையின் மதிப்பெண் உண்மையைச் சொல்லாது. பிள்ளை எந்த மொழியில் படிக்கிறதோ அந்த மொழியில் வாசிப்பைச் சோதித்தார்களா என்று கேளுங்கள். போகும்போது இரண்டு வருட ரேங்க் கார்டு, கிளாஸ் டெஸ்ட் தாள்கள், முக்கியமாக ரஃப் நோட்டு கொண்டுபோங்கள். அழகாக எழுதி வைத்த நோட்டைவிட ரஃப் நோட்டில்தான் செய்தி அதிகம்.

அரசு வழியில் எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை, கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம், முட்டுக்காட்டில் உள்ள பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் ஆகிய இடங்களில் விசாரிக்கலாம். முப்பது வருடத்துக்கும் மேலாக இதற்கென்றே இயங்கும் மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கமும் இந்த ஊரில்தான் இருக்கிறது. தனியாரிடம் போனால், உளவியலாளரும் சிறப்பாசிரியரும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்தவர்களா என்று பதிவெண்ணைக் கேட்டுப் பாருங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

அறிக்கை கையில் வந்ததும் பெற்றோர் செய்யும் பெரிய பிழை அடுத்த ஆறு மாதத்தைக் குறுக்குவழி தேடிக் கழிப்பது. நினைவாற்றல் டானிக், கண்ணைக் கட்டிக்கொண்டு படிக்க வைக்கும் பயிற்சி, வண்ணக் கண்ணாடி, கண் தசைப் பயிற்சி. இவற்றில் எதுவும் டிஸ்லெக்சியாவைச் சரிசெய்வதாக நிரூபணம் இல்லை. டிஸ்லெக்சியாவுக்கு மாத்திரையும் கிடையாது. கூடவே கவனக்குறைவுக் கோளாறு இருந்தால் அதற்கு மட்டும் மருந்து உண்டு, அதை மருத்துவர் முடிவு செய்வார்.

பலன் தருவது ஒழுங்கான சிறப்புப் பயிற்சி. எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பை எளிதிலிருந்து கடினத்துக்குப் படிப்படியாக, பார்த்து, கேட்டு, சொல்லி, மணலிலோ அரிசியிலோ விரலால் எழுதிக் கற்பிப்பது. வாரத்துக்கு மூன்று முதல் ஐந்து முறை, ஒவ்வொன்றும் முப்பது நாற்பது நிமிடம். மாதக்கணக்கில் தெரியும் மாற்றம், வருடக்கணக்கில் நிலைக்கும். வகுப்புப் பாடத்தையே மறுபடி நடத்தும் டியூஷனைக் கூட்டுவது இதற்கு ஈடாகாது. பிள்ளைக்கு எங்கே அறுந்திருக்கிறதோ அங்கே அது தொடாது.

அந்த மூன்று மணி நேரத்தை மாற்றுவது

சிறப்புப் பயிற்சிக்கு இடம் கிடைக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. வீட்டுப்பாடத்தை இன்றைக்கே மாற்றலாம்.

பள்ளியிலிருந்து வந்ததும் ஒரு மணி நேரம் புத்தகம் கிடையாது. சாப்பாடு, ஓட்டம், சைக்கிள். ஓடியாடிவிட்டு வரும் பிள்ளை உட்கார்ந்து எழுதும் நேரம் கூடும். தண்டனையாக விளையாட்டை நிறுத்துவது இந்த வீடுகளில் அதிகம் நடக்கும் தவறு. பிள்ளை நாளில் வெற்றி பெறும் ஒரே இடம் அதுவாக இருக்கலாம், அதையும் பிடுங்கிவிட்டால் மிச்சம் எதுவும் இல்லை.

நேரத்துக்கு எல்லை வையுங்கள், வேலைக்கு அல்ல. வகுப்புக்குப் பத்து நிமிடம் என்பது கையாள எளிய அளவு: மூன்றாம் வகுப்புக்கு முப்பது நிமிடம், ஐந்தாம் வகுப்புக்கு ஐம்பது. நேரம் முடிந்தால் நோட்டை மூடிவிட்டு, “இவ்வளவு நேரம் உழைத்தான், இதுவரை முடித்தான்” என்று டைரியில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். முதலில் டீச்சரிடம் பேசி ஒப்புதல் வாங்கியபின் இதைத் தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் மறுநாள் வகுப்பில் திட்டு விழுவது பிள்ளைக்குத்தான்.

பத்துப் பத்து நிமிடமாக உடையுங்கள், நடுவில் மூன்று நிமிடம் எழுந்து நடக்கட்டும். அறிவியல், சமூக அறிவியல் பாடங்களை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள், பதிலை வாயால் சொல்லட்டும், அதில் இரண்டை மட்டும் எழுதட்டும். இங்கே சோதிக்க வேண்டியது நீர்ச்சுழற்சி தெரியுமா என்பதை, எழுத்துக்கூட்டலை அல்ல. தப்பான சொல்லை இருபது முறை எழுதச் சொல்லும் இம்போசிஷன் வேண்டாம். ஏழாவது முறையிலேயே பிள்ளை தப்பாகப் படியெடுக்கத் தொடங்கும், மீதி பதின்மூன்று முறை தப்பைத்தான் மனப்பாடம் செய்கிறது.

வாசிப்புக்கென்று தினமும் பத்து நிமிடம் தனியாக வையுங்கள், பாடப்புத்தகம் வேண்டாம், பிள்ளை தானே எடுத்த கதைப் புத்தகமாக இருக்கட்டும். இருவரும் ஒன்றாகச் சத்தமாக வாசியுங்கள், உங்கள் குரல் பிள்ளையின் வேகத்துக்கு இறங்க வேண்டும். தனியாக வாசிக்கத் தைரியம் வந்தால் மேசையைத் தட்டட்டும், நீங்கள் நிறுத்திவிடுங்கள். தடுக்கினால் மனத்துக்குள் ஐந்து எண்ணிவிட்டு அந்தச் சொல்லை நீங்களே சொல்லுங்கள், பிள்ளை திருப்பிச் சொல்லட்டும், மறுபடி இருவரும் சேர்ந்து போங்கள். “யோசி, யோசி” என்று நெருக்க வேண்டாம். விருந்தாளிகள் முன்னால் வாசிக்கச் சொல்லவே வேண்டாம்.

யார் உட்காருவது என்பதும் முக்கியம். வாரத்தில் இரண்டு நாளாவது அப்பா. ஒருநாள் பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவியாகக்கூட இருக்கலாம். குரல் ஏறுவதை உணர்ந்தால் “அம்மா அஞ்சு நிமிஷம் வெளிய நின்னுட்டு வர்றேன், உன் மேல கோபம் இல்ல” என்று சொல்லி எழுந்துவிடுங்கள். தினமும் படிப்புப் பேச்சே இல்லாத பதினைந்து நிமிடம் பிள்ளையோடு இருங்கள், கேரம் ஆடலாம், தோசை வார்க்கக் கற்றுக்கொடுக்கலாம். டீச்சராக மட்டும் மாறிப்போன அம்மாவை அந்தப் பதினைந்து நிமிடம் மறுபடி அம்மாவாக்கும்.

பிள்ளைக்கு உண்மையைச் சொல்லுங்கள். மறைத்தால் அது தானாகவே “மக்கு” என்ற பெயரைப் போட்டுக்கொள்ளும். “கண்ணா, உனக்கு எல்லாம் நல்லாப் புரியுது. எழுத்தைப் பார்த்துச் சத்தமா மாத்துற அந்த ஒரு வேலைக்கு மட்டும் உனக்கு நேரம் ஜாஸ்தி ஆகுது. அதுக்குப் பேரு டிஸ்லெக்சியா. உன்னை மாதிரி நிறையப் பேர் இருக்காங்க. அதுக்குன்னு தனியா சொல்லித்தர வழி இருக்கு” என்ற அளவு போதும். கேள்வி வந்தால் பதில் சொல்லுங்கள், வராவிட்டால் அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

பள்ளியும் சான்றிதழும்

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் தன் 21 வகைகளில் சேர்த்திருக்கிறது. இந்தப் பிள்ளைகளைச் சீக்கிரம் கண்டறிந்து தக்க முறையில் கற்பிக்க வேண்டிய பொறுப்பைப் பள்ளிகள் மேல் அது வைக்கிறது. எனவே டீச்சரிடம் நீங்கள் கேட்பது சலுகை அல்ல, கண் மங்கிய பிள்ளைக்குக் கண்ணாடி கேட்பது போன்றதுதான். கேட்கும்போது மூன்றே விஷயங்களைக் கேளுங்கள், பத்து கேட்டால் ஒன்றும் நடக்காது: முன் வரிசை இடம், முன்கூட்டிச் சொல்லாமல் சத்தமாக வாசிக்கச் சொல்லாமை, கரும்பலகைக் குறிப்பை போட்டோ எடுத்துக்கொள்ள அனுமதி. வாய்ப்பேச்சோடு நிறுத்தாமல் கடிதமாகக் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த வருடம் வகுப்பாசிரியர் மாறும்போது அந்தக் காகிதம் பேசும்.

குறைபாடு இருப்பதற்கான அரசுச் சான்றிதழ் பெறக் குறைந்தபட்ச வயதை 8 என்று 2018-இல் மத்திய அரசு வெளியிட்ட மதிப்பீட்டு வழிகாட்டுதல் வைத்தது. பிறகு 14 வயதிலும் 18 வயதிலும் மறுமதிப்பீடு என்றும் அது சொன்னது. எட்டு வயதுக்காகப் பயிற்சியைத் தள்ளிப்போட வேண்டாம், காகிதம்தான் எட்டில், உதவி ஐந்திலேயே தொடங்கலாம். பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாட விலக்கு ஆகியவை மாநில வாரியத்திலும் சிபிஎஸ்இ-யிலும் உண்டு. மூன்று மணி நேரத் தேர்வுக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம். தனியார் அறிக்கை இதற்குப் போதாமல் போகலாம், அரசு மருத்துவமனைச் சான்று கேட்பார்கள். ஒன்பதாம் வகுப்பின் தொடக்கத்திலேயே விண்ணப்ப வேலையைத் தொடங்குங்கள். பத்தாம் வகுப்பு டிசம்பரில் ஓடுபவர்கள் பலர் கையெழுத்துக்காக அலைந்து, பிள்ளை படிக்க வேண்டிய நாள்களை வரிசையில் கழிக்கிறார்கள். எழுதுபவரோடு தேர்வு எழுதுவதற்கும் பழக்கம் வேண்டும். வாயால் பதில் சொல்லி வரிசைப்படுத்தப் பழகாத பிள்ளை தேர்வறையில் திக்கும், அரையாண்டுத் தேர்விலேயே பழக்கிப் பார்க்க வேண்டும்.

பதின்ம வயதில் கவனிக்க வேண்டியது

சின்ன வயதில் அழுத பிள்ளை பன்னிரண்டு வயதுக்கு மேல் அழாது, கதவைச் சாத்திக்கொள்ளும். தூக்கம் தலைகீழாவது, இரண்டு வாரத்துக்கு மேல் சாப்பாட்டில் விருப்பம் போவது, பிடித்த விளையாட்டையும் விடுவது, நண்பர்களைத் தவிர்ப்பது, கையில் புதுக் கீறல்கள், “நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி” என்ற பேச்சு. கடைசி இரண்டில் ஒன்று தென்பட்டாலே அன்றே செயல்பட வேண்டும். மிரட்டல் என்று ஒதுக்காதீர்கள், “சாகணும்னு தோணுதா?” என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் எண்ணம் விதைக்கப்படாது, பேச வாசல் திறக்கும். பிள்ளையைத் தனியே விடாமல், வீட்டில் உள்ள மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் பூட்டி வைத்துவிட்டு மனநல மருத்துவரிடம் அழைத்துப்போங்கள். அரசின் மனநலத் தொலைபேசி சேவையான டெலி மனாஸ் உதவி எண் 14416 எந்த நேரமும் இலவசமாகக் கிடைக்கும், தமிழிலேயே பேசலாம். தேர்வு முடிவு வரும் மே மாதத்தில், முடிவு வருவதற்கு முந்தைய வாரமே இந்த எண் வீட்டில் எல்லார் போனிலும் இருக்கட்டும். எந்த மதிப்பெண் வந்தாலும் அடுத்து என்ன படிக்கலாம் என்று பிள்ளையோடு உட்கார்ந்து இரண்டு மூன்று வழிகளை, பாலிடெக்னிக்கையும் ஐடிஐ-யையும் சேர்த்தே, அதற்கு முன் எழுதி வைத்துவிடுங்கள். பெற்றோரில் ஒருவருக்குத் தூக்கம் கெட்டு, காரணமில்லாமல் கண் கலங்கும் நிலை வாரக்கணக்கில் நீடித்தால் அதே எண் அவருக்கும்தான்.